ரப்பர் மீனும் ஊர்விலக்கும்

கோரைத்திட்டுக் குப்பம்,
பழவேற்காடு.
2.2.2025

அன்புள்ள அண்ணன் பாஸ்கருக்கு,

தங்கை துர்கா எழுதுவது. இங்கே நானும் அவரும் தர்ஷினியும் அம்மன் புண்ணியத்தில் நலம். அங்கே நீயும் இளமதி அண்ணியும் நலமா? நலம் கேட்டாயிற்று. இனி திட்டலாம்.

நாற்பத்தைந்து வயதில் உன் புத்தி எங்கே போனது? போன மாதம் பத்தொன்பதாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, நம் முகத்துவாரத்தில் முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு, ரப்பர் மீன் கட்டிய தூண்டிலை வீசி, ஆறு கிலோ கொடுவா பிடித்தாய். அதை வீடியோ எடுத்தாய். மீனுக்கு முத்தம் கொடுத்தாய். பிறகு அதைத் தண்ணீரிலேயே விட்டாய். எல்லாம் போதாதென்று எந்த இடம் என்று ஊர்ப் பெயரையும் சொல்லி யூடியூபில் போட்டாய். அடுத்த ஞாயிறே சென்னையிலிருந்து மூன்று கார் வந்து நின்றது. இறங்கினவன் எல்லாம் கையில் தூண்டிலோடு இறங்கினான்.

முகத்துவாரத்தில் ஒரு நாளைக்கு ஒரு வீடுதான் வலை போடும். அன்றைக்கு அது அந்த வீட்டுப் பாடு. மற்றவன் அங்கே கால் நனைக்கக் கூடாது. இதை இந்த ஊரில் பிறந்தவனுக்கு நான் எழுதிக் காட்ட வேண்டியிருக்கிறது பார், அதுதான் எனக்கு எரிச்சல்.

தை அமாவாசையில் ஊர்ச் சபை கூடியது. உனக்குச் சொல்லி அனுப்பினார்கள். ஷிப்ட் இருக்கிறது என்று நீ வரவில்லை. உன்னை ஊர்விலக்கு செய்துவிட்டார்கள். உன்னோடு பேசக் கூடாது, போன் கூடாது, வாட்ஸ்அப் கூடாது, நெருப்பு தண்ணீர் கூடாது, வாசலில் சேர்க்கக் கூடாது. வீட்டுக்கு ஒருவர் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்தோம். எங்கள் வீட்டுக்கு நான்தான் அடித்தேன். லெட்டர் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. இந்தக் காலத்தில் ஒருத்தி பேனா பிடிப்பாள் என்று அவர்களுக்கு எங்கே தெரியும்?

ஆவணி பதின்மூன்று, வெள்ளிக்கிழமை, தர்ஷினிக்குக் கல்யாணம். அவளுக்கு நீ ஒரே தாய்மாமன். நீ மாலை போடாமல் அவள் மணையில் உட்கார முடியாது. ஆகையால் வருகிற மாசி அமாவாசைக்குச் சபைக்கு வா. புகார் கொடுத்தவர் முன்னால் விழுந்து மன்னிப்புக் கேள். அவர் வாயால் "மன்னிச்சேன்" என்று சொன்னால் அதோடு தீர்ந்தது. பெரிய காரியமில்லை.

பதிலை என் பெயருக்கு எழுதாதே. பஜாரில் ஏஞ்சலின் டெய்லர் கடை விலாசத்துக்கு எழுது. மீன் விற்கப் போகும்போது வாங்கிக்கொள்வேன்.

அண்ணியைக் கேட்டதாகச் சொல். அவர்களையாவது கேட்டதாகச் சொல்.

இப்படிக்கு,
துர்கா

*

கும்மிடிப்பூண்டி,
10.2.2025

அன்புத் தங்கை துர்காவுக்கு,

நலம். உன் கடிதம் முப்பது கிலோமீட்டரைக் கடக்க ஆறு நாள் எடுத்துக்கொண்டது. நடந்தே கொடுத்திருக்கலாம்.

முதலில் ஒன்று. நான் திருடன் இல்லை. நீங்கள் யாரும் அந்த ரப்பர் மீனைக் கையில் தொட்டுப் பார்த்ததில்லை. அதற்குச் சாப்ட் பிளாஸ்டிக் லூர் என்று பெயர். ஈயத்தலையில் தூண்டில் முள்ளோடு கோத்து வீச வேண்டும். அடிமண்ணைத் தொடும்வரை விட வேண்டும். பிறகு லேசாக ஒரு சுண்டு, ஒரு நிறுத்தம். வால் தானாக ஆடும். நிறுத்துகிற நேரத்தில்தான் கொடுவா வந்து அடிக்கும். சுண்டும்போது அடிக்காது. இது பிடிபட எனக்கு இரண்டு வருஷம் ஆயிற்று. சிப்காட் இரும்பு ஆலையில் வாரம் ஆறு நாள் கம்பி உருக்குகிற சத்தத்தில் நிற்கிறவனுக்கு அந்த ஒரு நிறுத்தம் என்ன என்று உங்களுக்குப் புரியாது.

இரண்டாவது. சபைப் புத்தகத்தில் "அடுத்தவர் பாட்டில் வலை போடக் கூடாது" என்றுதான் எழுதியிருக்கிறது. நான் வலை போடவில்லை. பிடித்த மீனையும் விட்டுவிட்டேன். ஒரு இறால்கூட எடுக்காதவனுக்கு ஊர்விலக்கா?

மூன்றாவது. நான் கண்ணை மூடிக்கொண்டு வரவில்லை. விரல் விட்டு எண்ணிப் பார்த்துத்தான் வந்தேன். பன்னிரண்டு வீடு, பன்னிரண்டு நாள். அன்றைக்கு வெங்கடேசன் பாடு. அவன் மளிகைக் கடை வைத்த பிறகு தண்ணீரில் கால் வைப்பதே இல்லை. காலியாகக் கிடக்கும் நாள் என்றுதான் இறங்கினேன்.

புகார் கொடுத்தது அவன்தானே? பத்தாம் வகுப்பில் என் சைக்கிள் டயரைக் கிழித்தவன். அவன் காலில் நான் விழுவதா? ஊரில் வேறு யார் காலில் வேண்டுமானாலும் விழச் சொல், விழுகிறேன். யார் என்று எழுது.

உன் வீட்டுக்காரர், மாப்பிள்ளை மணிகண்டனை மிகவும் கேட்டதாகச் சொல். தர்ஷினிக்கு என் ஆசி.

பாஸ்கர்

*

கோரைத்திட்டுக் குப்பம்,
19.2.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம், நலமறிய ஆவல். உன் கடிதத்தை ஏஞ்சலின் கடையில் தையல் மிஷினுக்குப் பின்னால் உட்கார்ந்து படித்தேன். படித்த கோபத்தில் காஜா எடுக்க வைத்திருந்த துணியைக் கசக்கிவிட்டேன். அவள் என்னைத் திட்டினாள். அதுவும் உன் கணக்கில்தான்.

மீனைத் திரும்ப விட்டேன், விட்டேன் என்று பெருமையாக எழுதியிருக்கிறாய். அதுதான் ஊருக்கு வயிற்றெரிச்சல், தெரியுமா? நீ அதைத் தூக்கிக்கொண்டு போய்க் குழம்பு வைத்துத் தின்றிருந்தால்கூட, "போவட்டும், வாய்க்கு ருசியா ஆசைப்பட்டான்" என்று விட்டிருப்பார்கள். கையில் வந்த லட்சுமியைப் பிடித்து, கொஞ்சி, படம் எடுத்து, போ என்று தள்ளிவிட்டாய். தலைவர் நாகமுத்து சபையில் என்ன சொன்னார் தெரியுமா? "பசிக்குப் புடிச்சா தப்பு, வெளாட்டுக்குப் புடிச்சா பாவம்ப்பா" என்றார்.

வரும் இருபத்தேழாம் தேதி அமாவாசை. காலை ஒன்பது மணிக்குக் கோயில் முன்னால் சபை. வேஷ்டி கட்டிக்கொண்டு வா. மீன் படம் போட்ட அந்த டீ-ஷர்ட்டோடு வந்து தொலைக்காதே.

அவர் நலம். கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருக்கிறார்.

துர்கா

*

கும்மிடிப்பூண்டி,
8.3.2025

அன்புத் தங்கைக்கு,

அனைவரும் நலம்தானே? அமாவாசைக்கு நான் வரவில்லை என்று கோபமாக இருப்பாய். இரு. யார் புகார் கொடுத்தது என்று கேட்டேன். இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாய், அதற்கு மட்டும் பதில் இல்லை. நீ சொல்லாமல் விட்டதிலேயே தெரிகிறது, வெங்கடேசன்தான்.

நியாயத்தை நியாயமாகப் பேசுவோம். இந்தக் கடிதத்தோடு ஒரு பாக்கெட்டில் ரப்பர் மீன் ஒன்றை அனுப்பியிருக்கிறேன். விரல் நீளம்தான். மாங்காய் ஊறுகாய் நிறம், கலங்கல் தண்ணீருக்கு அதுதான் எடுபடும். இதைத் தலைவர் கையில் கொடு. "இது வலையா? நீங்களே சொல்லுங்க" என்று கேள். அவர் நியாயஸ்தர். பார்த்தால் புரிந்துகொள்வார்.

வீடியோவை இதுவரை நாற்பதாயிரம் பேர் பார்த்துவிட்டார்கள். நம் ஊருக்குப் பெருமைதான்.

பாஸ்கர்

*

கோரைத்திட்டுக் குப்பம்,
2.4.2025

அண்ணனுக்கு,

நலம்.

உன் பாக்கெட் வந்தது. ஏஞ்சலின் ஜாக்கெட்டுக்கு ஹூக் சொல்லியிருந்தாளாம். அதுதான் வந்துவிட்டது என்று கையை விட்டிருக்கிறாள். உன் ரப்பர் மீனின் முள் கட்டைவிரலில் ஏறி, அந்தப் பக்கம் வந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் நர்ஸ் ஊசி போட்டு, முள்ளை வெட்டி எடுத்து, "இன்னா மீன்மா இது, கடிச்சா வுட மாட்டேங்குது?" என்று சிரித்திருக்கிறாள். ஏஞ்சலின் ஒரு வாரம் மிஷின் மிதிக்கவில்லை. பதினோரு ஜாக்கெட் நின்றுபோனது. பதினோரு பெண்களும் என்னை முறைக்கிறார்கள்.

தலைவரிடம் கொடுக்கச் சொல்கிறாய். கொடுத்தால், "இது உன் கையில எப்டிம்மா வந்துச்சு?" என்று கேட்கமாட்டாரா? என்ன சொல்வது? கடலில் மிதந்து வந்தது என்றா?

இன்னும் கேள். தர்ஷினிக்கு நிச்சயம் முடிந்தது. பையன் சரவணன், எளாவூர் செக்போஸ்ட் பக்கம் லாரி ஷெட்டில் மெக்கானிக். பொறுப்பான பையன். அவன் வீட்டார், "தாய்மாமன் எங்கே?" என்று கேட்டார்கள். குஜராத்தில் வேலை, லீவு இல்லை என்று சொல்லிவிட்டேன். அந்தப் பையன் போனை நீட்டுகிறான். "அத்தே, இவருதானே உங்க அண்ணன்? போன ஞாயித்துக்கிழமகூட லைவ்ல வந்தாரே, நான் சப்ஸ்கிரைபரு" என்கிறான். நான் தலையை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது?

மாசி போயிற்று, பங்குனி போயிற்று. இரண்டு அமாவாசை வீண். எனக்கு எழுதி எழுதிக் கை ஓய்ந்துவிட்டது. உன் நியாயம் உன்னோடு இருக்கட்டும். என் பெண்ணுக்கு மாலை போட ஆள் வேண்டும். அவ்வளவுதான்.

துர்கா

*

கும்மிடிப்பூண்டி,
11.5.2025

அன்புள்ள துர்காவுக்கு,

அண்ணி இளமதி எழுதுவது. நீயும் தம்பி மணிகண்டனும் தர்ஷினியும் நலமா? ஏஞ்சலின் விரல் ஆறிவிட்டதா? உன் அண்ணன் ஒரு மாதத்துக்கு மேலாய்ப் பதில் எழுதவில்லை. அதனால் நான் எழுதுகிறேன். இவரோடு நான் படும் பேஜாரை யாரிடமாவது சொல்லவும் வேண்டும்.

ரப்பர் மீனுக்கு வாசனை வேண்டுமென்று பூண்டு நசுக்கிய எண்ணெயில் ஊறப்போட்டு, என் ஊறுகாய் ஜாடியில் வைத்திருந்தார். நான் எலுமிச்சை ஊறுகாய் என்று நினைத்துத் தயிர் சாதத்துக்கு எடுத்துப் போட்டுவிட்டேன். மீதியை நீயே ஊகித்துக்கொள்.

நான் சோழவரத்துக்காரி. எங்கள் வீட்டில் நெல்தான், மீன் தெரியாது. ஆனால் முறை தெரியும். ஏரித் தண்ணீரை அடுத்தவன் முறையில் திறந்தால் மண்வெட்டியோடு வந்து நிற்பார்கள். "நான் மடையைத் தொடல, கால்வாயைத்தான் தொட்டேன்" என்று எவனும் சட்டம் பேச மாட்டான். இதை இவரிடம் சொன்னேன். அன்றைக்குச் சாப்பிடாமல் எழுந்து போனார்.

உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். பங்குனி அமாவாசைக்கும் சித்திரை அமாவாசைக்கும் லீவு போட்டார். வேஷ்டி கட்டினார். பைக்கில் உங்கள் ஊர் நுழைவு வளைவு வரை வந்தார். இரண்டு தடவையும் திரும்பி வந்துவிட்டார். கேட்டால், "வெங்கடேசன் மூஞ்சி ஞாபகம் வந்துச்சு, வண்டி தானா திரும்பிடுச்சு" என்கிறார். சித்திரையிலிருந்து தூண்டிலையும் தொடவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் சும்மா உட்கார்ந்திருக்கிறார். மீன் பிடித்து என் உயிரை வாங்கினபோதே பரவாயில்லை போலிருக்கிறது.

புகார் கொடுத்தது யார் துர்கா? வெங்கடேசன் இல்லை என்று ஒரு வரி எழுது. அடுத்த பஸ்ஸில் இவரை ஏற்றிவிடுகிறேன்.

அன்புடன்,
இளமதி

*

கோரைத்திட்டுக் குப்பம்,
20.5.2025

மதிப்புக்குரிய அண்ணிக்கு,

நலம். ஏஞ்சலின் விரல் ஆறிவிட்டது.

வெங்கடேசன் இல்லை. அன்றைக்கு அவர் பாடும் இல்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் கல்யாணமான மூன்று பையன்களுக்குப் பங்கு கொடுத்தார்கள். இப்போது பதினைந்து வீடு. அண்ணன் பழைய விரலை விட்டு எண்ணியிருக்கிறார்.

அதற்கு மேல் என்னைக் கேட்காதீர்கள். அந்த வீடியோவை அண்ணனை இன்னொரு தடவை பார்க்கச் சொல்லுங்கள். மீனைப் பார்க்க வேண்டாம் என்று சொல்லுங்கள்.

துர்கா

*

கும்மிடிப்பூண்டி,
15.6.2025

துர்கா,

நலமா என்று கேட்கவே கூச்சமாக இருக்கிறது.

பார்த்தேன். மூன்றாவது நிமிஷத்தில் என் தோளுக்குப் பின்னால் ஒரு படகு. உள்ளே வலை குவியலாக இருக்கிறது. மாப்பிள்ளை மணிகண்டன் உட்கார்ந்திருக்கிறார். நான் நிற்கிற இடத்தில்தான் அவர் வலையை இழுத்துக் கட்ட வேண்டும். வீடியோ முடிகிற வரை அவர் அசையவில்லை. நாற்பதாயிரம் பேர் பார்த்த வீடியோ. நானே நூறு தடவை பார்த்திருப்பேன். மீனைத் தவிர ஒன்றையும் பார்க்கவில்லை.

அன்றைக்கு உங்கள் பாடு. பதினைந்து நாளுக்கு ஒரு தடவை வருகிற நாள். கல்யாணச் செலவு இருக்கிற வீடு. கடல்நீர் ஏறி இறங்குகிற வரைக்கும் நான் குறுக்கே நின்றிருக்கிறேன்.

நீ ஏன் முதல் கடிதத்திலேயே சொல்லவில்லை? நான் வெங்கடேசனைத் திட்டித் திட்டி நாலு மாதத்தைப் போக்கினேன். அந்த ஆள் விக்கல் எடுத்தே செத்திருப்பான்!

புகார் மாப்பிள்ளை கொடுத்ததுதானே? நம்பவே முடியவில்லை. பந்தியில் உப்பு இல்லையென்றால்கூடக் கேட்காமல் சாப்பிட்டு எழுகிறவர், சபையில் எழுந்து நின்றாரா? நின்றது நியாயம்தான். அவர் முன்னால் விழ எனக்கு ஒரு வெட்கமும் இல்லை.

ஆனால் ஒன்று மட்டும் பொறுக்கவில்லை. இருபதடி தூரம். "மச்சான், கொஞ்சம் நவுரு" என்று ஒரு குரல் கொடுத்திருந்தால் ஓடியே போயிருப்பேனே! ஏன் கூப்பிடவில்லை? அதை மட்டும் கேட்டு எழுது.

பாஸ்கர்

*

கோரைத்திட்டுக் குப்பம்,
6.7.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

உடம்புக்கு நலம். மனசுக்கு இல்லை. மூன்று காகிதம் கிழித்துவிட்டு இது நாலாவது.

புகார் கொடுத்தது அவர் இல்லை. நான்.

அன்றைக்கு வெறும் படகோடு வந்தார். என்ன ஆயிற்று என்றேன். "மீன் ஓடல" என்று சொல்லிவிட்டுக் கை கழுவினார். அவ்வளவுதான். ஒரு வாரம் கழித்து, தண்ணீர்க் குழாயடியில் உன் வீடியோவைக் காட்டினார்கள். "இன்னாமே துர்கா, உங்க அண்ணன் கொடுவாவுக்கு முத்தம் குடுக்கறாரு, பின்னாடி உங்க ஊட்டுக்காரரு தொணைக்குக் குந்திக்கினு கீறாரு" என்று ஒருத்தி சொன்னாள். எல்லாரும் சிரித்தார்கள். குடத்தை அங்கேயே போட்டுவிட்டு வந்தேன். அவர் சபைக்குப் போகமாட்டேன் என்றுவிட்டார். நான் போனேன். இந்த ஊரில் பெண்பிள்ளை சபையில் எழுந்து நின்றது அதுதான் முதல் தடவை.

அண்ணா, உன்னைக் கூப்பிட்டு நாலு வார்த்தை திட்டுவார்கள் என்றுதான் போனேன். நீ வரவில்லை. வராததால் அவர்களுக்கு ரோஷம் வந்துவிட்டது. ஊர்விலக்கு என்றார்கள். நான் கேட்டது அது இல்லை என்று சொல்ல வாய் திறந்தேன். அதற்குள் கற்பூரத்தை ஏற்றிவிட்டார்கள். முதல் ஆளாக என்னைத்தான் அடிக்கச் சொன்னார்கள்.

இப்போது நீ விழ வேண்டியது என் முன்னால். மூத்தவன் இளையவள் காலில் விழலாமா? அதனால்தான் எழுதவில்லை. வெங்கடேசன் என்று நீயே நினைத்துக்கொண்டாய். பாவி நான், அது எனக்கு வசதியாக இருந்தது. சபைக்கு வந்த பிறகு தெரிந்துகொள்ளட்டும், அம்மன் பார்த்துக்கொள்வாள் என்று விட்டுவிட்டேன்.

புகாரைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன் என்று தலைவரைக் கேட்டேன். வாங்கினால் பொய்ப் புகார் ஆகிவிடுமாம். இந்த வருஷம் முழுக்க எங்கள் வீட்டுக்குப் பாடு கிடையாதாம்.

நீ கேட்டதை அவரிடம் கேட்டேன். ஏன் கூப்பிடவில்லை என்று. துடுப்பை எடுத்துக்கொண்டு படகுப் பக்கம் போய்விட்டார்.

இனி உன் இஷ்டம். வா என்று எழுத எனக்கு வாயில்லை.

துர்கா

*

கும்மிடிப்பூண்டி,
9.8.2025

துர்கா,

ஆடி அமாவாசையை வேண்டுமென்றேதான் விட்டேன். உன் மேல் அவ்வளவு கோபம். உன்னைவிட என் மேல் அதிகம். இரண்டும் இறங்க ஒரு மாதம் ஆயிற்று.

வீடியோவை எடுத்துவிட்டேன். இருபத்துமூன்றாம் தேதி வருகிறேன். ஷிப்ட் மாற்றியாயிற்று. வளைவில் வண்டி திரும்பினால் பிடித்துத் தள்ள இளமதியும் கூட வருகிறாள்.

தங்கை காலில் விழவில்லை. பாடு பறிபோன வீட்டுக்காரி முன்னால் விழுகிறேன். அழுது தொலைக்காதே.

பாஸ்கர்

*

கோரைத்திட்டுக் குப்பம்,
24.8.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

எல்லாரும் நலம். நேற்று நடந்ததற்குப் பிறகு நான் தெருவில் தலைகாட்டவில்லை. மற்றபடி நலம்.

நான் என்ன செய்வது? நீ நெடுஞ்சாண் கிடையாக மண்ணில் விழுந்தாய். புது வேஷ்டி. தலைவர், "சொல்லும்மா, மன்னிச்சேன்னு சொல்லு" என்கிறார். ஏழு மாதமாய் உன்னோடு பேசாத வாய். முதல் வார்த்தை அதுவாக வர மாட்டேன் என்கிறது. "எழுந்துருண்ணா, சட்டையெல்லாம் மண்ணாவுது" என்றுதான் வந்தது. தலைவருக்குக் கோபம். "அத்த அப்பறம் சொல்லு, இத்த மொதல்ல சொல்லு" என்றார். மூன்று தடவை கேட்டார். ஊரே பார்க்கிறது. "எனக்கு வாயால வரல, லெட்டர்ல எழுதிடறேன், எப்பவும் எழுதற மாதிரி" என்று உளறிவிட்டேன்.

உளறின பிறகுதான் என்ன சொன்னேன் என்று தெரிந்தது. நீ மண்ணில் கிடந்தபடியே தலையில் அடித்துக்கொண்டதைப் பார்த்தேன்.

"எப்பவும்னா இன்னா?" என்று தலைவர் எழுந்து நின்றபோது, என் பெண்ணின் கல்யாணம் அங்கேயே நின்றுபோனது என்று நினைத்தேன். நல்லவேளை, வெங்கடேசன் சபைப் புத்தகத்தைப் புரட்டினார். நீ நாலு மாதமாய்ச் சபித்த அதே மனிதர்தான். "பேச்சுன்னு கீது, போனுன்னு கீது, வாட்சப்புன்னு கீது. லெட்டர்னு எங்கியும் இல்லியே தலைவரே" என்றார். தலைவர் புத்தகத்தைப் பிடுங்கி இரண்டு தடவை பார்த்தார். "அண்ணன் வலைன்னு இல்லன்றான், தங்கச்சி லெட்டர்னு இல்லன்றா. உங்க குடும்பத்தோட ரோதனையா பூட்ச்சுப்பா!" என்றார். ஏஞ்சலின்கூட அவ்வளவு சலித்துக்கொண்டதில்லை. உட்கார்ந்து தூண்டில், ரப்பர் மீன், லெட்டர் மூன்றையும் புத்தகத்தில் சேர்த்து எழுதினார். பிறகு என்னைப் பார்த்து, "எழுதறதுதான் உனக்கு வருதே, எழுதிக் குடு. உங்க அண்ணன் கல்யாணத்தன்னிக்கு அதக் கையோட எடுத்துனு வரட்டும். விலக்கு நீங்கிடுச்சு, போங்க" என்றார்.

அதனால் எழுதுகிறேன். இது தலைவர் பார்வைக்கு.

பாஸ்கர் என்கிற என் அண்ணனை, எங்கள் பாட்டில் தெரியாமல் இறங்கியதற்காக, முழு மனசோடு மன்னித்தேன். துர்காதேவி, மணிகண்டன் மனைவி.

இனி வருவது உனக்கு மட்டும். தலைவரிடம் இதை மடித்து மறைத்துக் காட்டிக்கொள்.

இந்தக் கடிதத்தை எங்கள் வீட்டுக்காரர் கையிலேயே கொடுத்து அனுப்புகிறேன். தாய்மாமனை வெற்றிலைத் தட்டு வைத்து அழைக்க வேண்டுமே, வீட்டுக்காரர்தானே வர வேண்டும். வெள்ளிக்கிழமை விடியும் முன்னே வந்துவிடுங்கள். தர்ஷினிக்கு மாலை சம்பங்கியில் வேண்டுமாம்.

அவர் உன் வீட்டு வாசலில் நின்று ஒன்றும் பேசமாட்டார். தட்டை நீட்டுவார், கடிதத்தை நீட்டுவார், திரும்பிவிடப் பார்ப்பார். விடாதே.

நேற்று நீங்கள் போன பிறகு மறுபடி கேட்டேன். இருபதடி தூரத்தில் இருந்துகொண்டு ஏன் கூப்பிடவில்லை, ஒரு நாள் பாடு போயிற்றே, ஏழு மாதம் போயிற்றே என்று கத்தினேன். கையிலிருந்த வலையைக் கீழே வைத்தார். அப்புறம் சொன்னார்:

"மச்சான் அந்த மீனைத் தூக்கிக்கினு அப்டி சிரிச்சாரு துர்கா. நானும் இருபது வருசமா பாக்கறேன், அவரு அப்டி சிரிச்சு நான் பார்த்ததே இல்ல. எப்டிக் கூப்பிடுவேன்?"

அவரை உள்ளே கூட்டிக்கொண்டு போய் உட்கார வை, அண்ணா. நீதான் முதலில் பேச வேண்டும்.

துர்கா